முதுகெலும்பில் திருகின் பிடி: காசநோய் அரித்த எலும்பும் மூப்பு மெலித்த எலும்பும்

தாராவியை ஒட்டிய சயான் ஆஸ்பத்திரியிலோ பரேல் கே.ஈ.எம்.மிலோ முதுகில் அறுவை முடிந்தவரின் வீட்டார், "ராடு போட்டிருக்கு" என்பார்கள். ராடு இணைப்புக் கம்பிதான். எலும்பைப் பற்றி நிற்பவை திருகுகள். அந்தப் பற்று எவ்வளவு உறுதி என்று கேட்டால், எந்த எலும்பு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

1959இல் கனடாவின் அறுவை மருத்துவர் பௌச்சர் பெடிக்கிள் வரை செல்லும் நீண்ட திருகுகளைப் பற்றி எழுதினார். பெடிக்கிள் என்பது முள்ளெலும்பின் முன்னுடலைப் பின்வளையத்தோடு இணைக்கும் குட்டையான எலும்புத் தண்டு. 1963இல் பாரிஸில் ரோய்-காமீ அதே வழியில் திருகுகளை இறக்கி உலோகத் தகடோடு பிணைத்தார்.

இந்தியாவில் அப்போது முதன்மையான கவலை முதுகெலும்புக் காசநோய். அறுவையா, மருந்தா என்ற வழக்கில் வாரணாசியின் துலி 1975இல் நடுவழி ஒன்றை முன்வைத்தார். அதே ஆண்டு மதராஸில் தொடங்கிய ஆய்வு, நடமாடிக்கொண்டே மருந்து உண்டவர்களுக்கும் நோய் குணமாவதைக் காட்டியது. நோய் போனாலும் கூன் போகவில்லை. குழந்தைகள் சிலருக்கு வளர வளர அது கூடியதை, 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துக் கோவையின் ராஜசேகரன் 2001இல் எழுதினார். என் கணிப்பில், இங்கே உலோகத்துக்கு வலுவான நியாயம் தந்தது கூன்தான்.

சீழ் பிடித்த இடத்தில் இரும்பை வைப்பதா என்ற தயக்கமும் இருந்தது. காசநோய்க் கிருமி எஃகில் அவ்வளவாக ஒட்டுவதில்லை என்று 1993இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியபின் அது தளர்ந்தது.

நோயின் போக்கும் கைகொடுத்தது. காசநோய் பெரும்பாலும் முன்னுடலைத்தான் அரிக்கும். பெடிக்கிள் பல வேளை தப்பிவிடும். திருகைப் பிடுங்கி எடுக்கத் தேவையான விசையில் ஏறக்குறைய 60 சதவீதம் பெடிக்கிளைச் சார்ந்தது என்பது ஆய்வகக் கணக்கு. முன்பக்கம் இடிந்த வீட்டிலும் பின்சுவரில் ஆணி நிற்பதுபோல.

மூப்பில் வரும் எலும்புப்புரை அப்படிச் சலுகை தராது. முள்ளெலும்பு முழுவதும் உள்ளே சல்லடையாகிவிடும். இறந்தவர்களின் எலும்பில் 1994இல் செய்த அளவீட்டில், நல்ல எலும்பிலிருந்து திருகைப் பிடுங்கச் சுமார் 1,540 நியூட்டன் விசை தேவைப்பட்டது; புரை கண்ட எலும்பில் சுமார் 206 போதுமாயிருந்தது. முன்னது 157 கிலோ எடையின் இழுவை, பின்னது 21 கிலோ. தேக்கில் நின்ற திருகாணியை முருங்கைக் கட்டையில் இறக்கினால் என்ன ஆகுமோ அதுதான்.

இந்த எண்களை அப்படியே நோயாளிக்குப் பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆய்வகக் கருவி திருகை நேராக இழுக்கிறது. உடலிலோ திருகு ஒவ்வொரு குனிவுக்கும் நிமிர்வுக்கும் மேலும் கீழும் ஆடித் தன் துளையைத் தானே அகலப்படுத்துகிறது. ஒரே இழுப்பில் கழன்று வருவது அபூர்வம்.

பிடியைக் கூட்டத் தடித்த திருகு, எலும்புச் சிமெண்ட் என வழிகள் வந்தன. சிமெண்ட் கசிந்தால் நரம்பை அழுத்தலாம். இரத்தக் குழாய் வழியே நுரையீரலையும் எட்டலாம். 2009இல் சாந்தோனி குழுவினர் திருகின் பாதையையே மாற்றி, பெடிக்கிளின் கெட்டியான புற எலும்பைக் கவ்வும்படி இறக்கிப் பார்த்தார்கள். பிடுங்கு விசை சுமார் 30 சதவீதம் கூடியது.

எழுபது வயதில் காசநோய் வந்தவரிடம் இரண்டு பலவீனங்களும் சேர்ந்துவிடுகின்றன. முன்னுடல் அரித்திருக்கும், தப்பிய பெடிக்கிளும் பஞ்சாகியிருக்கும். அவருக்கு நோயுற்ற இடத்துக்கு மேலும் கீழும் கூடுதல் முள்ளெலும்புகளில் திருகிட்டுச் சுமையைப் பங்கிடுகிறார்கள். ராடும் அதற்கேற்ப நீள்கிறது.