படுத்துக் கிடக்கும் போட்டோவும் 274-ஆம் எண்ணும்



என் வகுப்புத் தோழன் ஒருவன் போன மாதம் ஒரு தேர்வுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தான். போனில் நேராக நின்ற போட்டோ, ஹால் டிக்கெட்டில் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது! தேர்வு அறைக்குள் விடமாட்டார்களோ என்ற பயத்தில் இரண்டு நாள் அலைந்து மாற்றி வாங்கினான். "சைட் சரியில்லை" என்றான் அவன். "உன் போன் சரியில்லை" என்றோம் நாங்கள். தேடிப் பார்த்தால், கதை முப்பது வருடத்துக்கும் பின்னால் போகிறது.

1986-ல் ஆல்டஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஸ்கேனர் படங்களைச் சேமிக்க டிஃப் என்ற கோப்பு வகையை வெளியிட்டது. அதில் படத்தோடு சேர்த்து படத்தைப் பற்றிய குறிப்புகளையும் எழுதலாம். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு எண். 274 என்றால் 'எந்தப் பக்கம் மேலே?' என்பதற்கான குறிப்பு. அதன் மதிப்பு 1 முதல் 8 வரை இருக்கலாம். 1 என்றால் அப்படியே காட்டு. 3 என்றால் தலைகீழாகத் திருப்பு. 6 என்றால் வலப்பக்கமாக 90 டிகிரி, 8 என்றால் இடப்பக்கமாக 90 டிகிரி. மற்ற நான்கும் கண்ணாடி பிம்பம் போல இடவலம் மாறியவை.

வினை ஆரம்பித்தது இங்கேதான். 1992-ல் வந்த டிஃப் 6.0 விதிமுறை, 1-ஐத் தவிர மற்ற மதிப்புகளைப் புரிந்துகொள்வது அடிப்படைக் கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டது. எழுதுபவர் எழுதலாம், படிப்பவர் படிக்காமலும் விடலாம்!

1995-ல் ஜப்பானின் ஜெய்டா என்ற மின்னணுத் தொழில் சங்கம் டிஜிட்டல் கேமராக்களுக்காக எக்ஸிஃப் என்ற முறையைக் கொண்டுவந்தது. தேதி, ஷட்டர் வேகம் போன்ற விவரங்களை எழுத டிஃபின் அமைப்பையே எடுத்து ஜேபெக் கோப்பின் முன்பகுதியில் வைத்தார்கள். 274-ம் கூடவே வந்துவிட்டது.

கேமராவே படத்தைத் திருப்பிச் சேமித்தால் என்ன என்று கேட்கலாம். சென்சார் வரிசை வரிசையாகத்தான் படத்தை அனுப்பும். திருப்ப வேண்டுமென்றால் முழுப் படத்தையும் நினைவகத்தில் வைத்து எல்லாப் புள்ளிகளையும் இடம் மாற்ற வேண்டும். அன்றைய கேமராவுக்கு அது பெரிய சுமை. ஒரு எண்ணை எழுதுவது சுலபம்.

2007-ல் ஐபோன் வந்தது. பிறகு எல்லோர் கையிலும் சாய்வை அறியும் சென்சாருடன் ஒரு கேமரா! ஐபோனை நிமிர்த்திப் பிடித்துப் பின்கேமராவில் எடுத்தால் படம் படுத்தபடியே சேமிக்கப்படும், கூடவே 6 என்ற எண்ணும் இருக்கும். ஆனால் 2009-ல் வந்த விண்டோஸ் 7-ன் போட்டோ வியூவர் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. 2012-ல் விண்டோஸ் 8 தான் பார்க்க ஆரம்பித்தது. பிரவுசர்களில் இன்னும் வேடிக்கை. படத்தைத் தனியாகத் திறந்தால் நேராக நிற்கும், அதே படம் வலைப்பக்கத்துக்குள் படுத்துவிடும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் 2020-ல்தான் பக்கத்துக்குள்ளும் இந்த எண்ணை மதிக்கத் தொடங்கின.

அப்படியானால் இன்றும் ஏன் என் நண்பனுக்கு இந்தக் கதி? பல தளங்கள் நாம் ஏற்றும் படத்தைச் சிறிதாக்கி மறுபடி சேமிக்கின்றன. அப்போது எக்ஸிஃப் குறிப்புகள் உதிர்ந்துவிடும். எடுத்த இடம் வரை அதில் பதிவாகியிருக்கலாம் என்பதால் வேண்டுமென்றே அழிப்பதும் உண்டு. நல்லதுதான். ஆனால் அழிக்கும் முன் படத்தைத் திருப்ப மறந்தால், 6 போய்விடும், படுத்த படம் மட்டும் மிஞ்சும். நேர் எதிரான தப்பும் உண்டு: படத்தைத் திருப்பிவிட்டு 6-ஐ அப்படியே விட்டால், அடுத்த மென்பொருள் இன்னொரு முறை திருப்பிவிடும்.

எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால், வவுச்சர் ஓரத்தில் எழுதிய குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு தொகையை மட்டும் பேரேட்டில் ஏற்றிய கணக்கு. தொகை சரி, அர்த்தம் தப்பு.

விண்ணப்பம் போடப் போகும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. போனில் 'ரொட்டேட்' மட்டும் செய்தால் சில சமயம் எண் மட்டுமே மாறும், படம் மாறாது. எக்ஸிஃபை நீக்கிச் சேமிக்கும் எடிட்டரில் ஒருமுறை சேமித்து, நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஏற்றுங்கள். கடைசி பட்டனை அழுத்தும் முன் பிரிவியூவையும் பாருங்கள்.

பி.கு: நண்பன் தேர்வு எழுதிவிட்டான். ரிசல்ட் நேராக வரட்டும்!