வானில் நான்கு மணி, தரையில் பதினாறு மணி

சில ஆண்டுகளுக்கு முன்பு சேரன்மகாதேவியில் என் தம்பி காலமானார். துபாயில் பணிபுரிந்த அவருடைய ஒரே மகன் வரும்வரை உடலைக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். "நான்கு மணி நேரப் பயணம்தானே, வந்துவிடுவான்" என்றனர் உறவினர்கள். அவன் தன் அறையை விட்டுப் புறப்பட்டபோது நம் நேரப்படி இரவு 8 மணி. வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது மறுநாள் மாலை 4 மணி. இருபது மணி நேரத்தில் அவன் வானில் இருந்தது நான்கு மணி நேரமே.

விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவு என்பது புவிப்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளமாகும். இதன்படி துபாயிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,930 கி.மீ.; திருவனந்தபுரம் ஏறத்தாழ 2,950 கி.மீ. வான்வழித் தடங்களின் வளைவுகளால் பறக்கும் தொலைவு சற்றுக் கூடும். மணிக்கு 800 முதல் 900 கி.மீ. வேகத்தில், ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் சுமார் நான்கு மணி நேரம். குளிர்காலத்தில் உயர்வானில் வீசும் மேலைக்காற்று, இந்தியா வரும் பயணத்தைச் சற்றுக் குறைக்கும். திரும்பிச் செல்லும் பயணத்தை நீட்டும்.

பயணச்சீட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சாகிறது. துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. எனவே இரவு 10 மணிக்குப் புறப்பட்டு அதிகாலை 3.30-க்குத் தரையிறங்கும் விமானம் ஐந்தரை மணி நேரம் பறந்ததாகத் தோன்றும். உண்மையில் நான்கு மணி நேரம்தான்.

வான்தொலைவில் சென்னையும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய சமம். நெல்லைக்காரருக்கோ இரண்டும் ஒன்றல்ல. திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலி சாலைவழியே சுமார் 150 கி.மீ.; சென்னையிலிருந்து 600 கி.மீ.க்கும் அதிகம். 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத் ரயிலுக்கே ஏறத்தாழ எட்டு மணி நேரம் தேவைப்பட்டது. என் தம்பி மகனுக்குச் சென்னைக்கு மட்டுமே இடம் கிடைத்தது. அங்கிருந்து தூத்துக்குடிக்கு ஒன்றரை மணி நேரத்தில் பறந்து வந்திருக்கலாம். அந்த விமானத்தில் இடமில்லை. வாடகைக் காரில் வந்தான்.

காலத்துக்கும் விலை உண்டு என்பது பொருளாதாரத்தின் அரிச்சுவடி. நான்கு மணி நேரப் பறத்தலில் பத்து சதவீதத்தைக் குறைத்தால் மிச்சமாவது 24 நிமிடம். இறங்கியவுடன் ஊருக்குச் செல்ல உரிய இணைப்பு கிடைத்தால் மிச்சமாவது பல மணி நேரம். ஆயினும் பயண வசதியை நாம் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கே அளக்கிறோம். வாசலிலிருந்து வாசலுக்கு அளப்பதில்லை.

திருநெல்வேலியிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில், வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டுள்ளது. பெரிய விமானங்கள் இறங்க இது வழிசெய்யும். ஆனால், நீண்ட ஓடுபாதை மட்டுமே பயணத்தைச் சுருக்கிவிடாது. வளைகுடா விமானங்கள் சென்னையை வந்தடையும் நேரத்தையொட்டி தூத்துக்குடிக்கு இணைப்பு விமானங்கள் வேண்டும். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து நள்ளிரவிலும் நெல்லைக்கு நேரடிப் பேருந்து வேண்டும். குடியேற்ற, சுங்கச் சோதனை வசதிகளுடன் வாகைக்குளத்துக்கே வெளிநாட்டு விமானங்கள் வருவது அடுத்த இலக்காக இருக்கட்டும்.

அன்று சூரியன் மறைவதற்குச் சற்று முன்பு, தாமிரவருணிக் கரையில் மகன் கொள்ளி வைத்தான். எல்லா வீடுகளுக்கும் அந்த அவகாசம் கிடைப்பதில்லை.