கம்பியில் பதிந்த கெய்ரோ

கலாசாலையை விட்டு வந்த புதிதில் ஒரு நள்ளிரவு, சிற்றலை வானொலியில் பெண்களின் குரல்கள் தூரத்துக் காற்றாய் இழுபட்டன. பழுதென்று எண்ணிக் குமிழைத் திருகினேன். முடிவில்தான் அறிவித்தார்கள்: ஹலீம் அல் தப்பின் இறுவட்டு.

தேடி வாசித்தேன். 1944இல், விவசாயம் கற்ற அந்த எகிப்தியர், கெய்ரோ வானொலி நிலையமொன்றில் கம்பி ஒலிப்பதிவுக் கருவியை இரவல் பெற்று, பெண்களின் 'ஸார்' சடங்கைப் பதிந்தார். பின்னர் நிலையத்தின் எதிரொலி அறையில் அடிச்சுரங்களைக் களைந்து, மேலொலிகளை மட்டும் எஞ்சவிட்டார்.

பாரிஸில் பியர் ஷேஃபர் ரயிலோசைகளைக் கோத்து இசையாக்கியது 1948இல். அவர் பணியும் பெரிதே. ஆனால் பல நூல்கள் தொடக்கம் பாரிஸ் என்றே எழுதின. என் குறிப்பேடும் அப்படித்தான். ஆண்டைச் சிவப்பு மையால் திருத்தினேன். ஹலீம் 2017இல் மறைந்தார். வகுப்பில் நான் 1944 என்றே சொல்கிறேன். அந்த நான்கு ஆண்டுகள் கெய்ரோவுக்குரியவை.