மேலூர்ச் சாலையில் ஒரு கணினிக் காலம்

சித்திரையில் அழகர் மலையிறங்கி வருகையில் எதிர்சேவைக்கு மதுரையே தல்லாகுளத்தில் திரளும். மற்ற நாள்களில் இப்பக்கம் வருவோர் பலர் நாடுவது வேறொரு தரிசனம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அருகில்தானே இருக்கிறது! வட்டாட்சியர் அலுவலகத்தில் தேங்கிவிட்ட ஒரு மனுவுக்காக அன்றைய கூலியை இழந்து வந்து நிற்போரைக் கல்லூரிக்குப் போகும் வழியில் நெடுங்காலமாக நாம் பார்த்து வருகிறோம்.

இந்த நடையைக் குறைக்க நம் மாவட்டத்திலேயே ஒரு முயற்சி நடந்ததை இன்று பலரும் மறந்துவிட்டனர். 2001இல் மேலூர் வட்டாரச் சிற்றூர்களில் ‘சாரி’ என்னும் திட்டத்தின்கீழ் இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி., ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகியவை அதில் கைகோத்திருந்தன. ஐ.ஐ.டி.யில் உருவான ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம், தந்திக்கம்பமே எட்டாத ஊருக்கும் தொலைபேசியையும் இணையத்தையும் சேர்த்தே கொண்டுபோனது. வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்றைய மாணவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆயினும் ஒரு விண்ணப்பத்தை அனுப்ப அது போதும். ஊர்க்காரர் ஒருவரே நிலையத்தை நடத்துவார். பிறப்பு, இறப்புச் சான்றுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் அங்கிருந்தே மின்னஞ்சலில் மனுச் செய்யலாம். அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணின் படத்தை அனுப்பி ஆலோசனை பெற்றோரும் உண்டு.

இராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்டும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. நிலையம் இருந்த ஊர்களில் சான்றுகளும் உதவித்தொகையும் பெறுவோர் விரைவில் பெருகினர். அப்படியிருந்தும் அரசுச் சேவை நீடிக்கவில்லை. காரணம் கருவியன்று. ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாறிச் சென்றனர். பின்வந்தோருக்கு அத்திட்டத்தில் அந்தப் பற்று இல்லை. திறந்து படிக்க ஆளில்லாத மின்னஞ்சலும் மேசையில் கிடக்கும் மனுவும் ஒன்றுதானே? கடன் வாங்கிக் கணினி வைத்தவர்களின் வருவாயும் அத்தோடு சுருங்கியது. அவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

2014க்குப் பின் அரசு இ-சேவை மையங்கள் பரவின. இப்போது சேவை ஓர் அதிகாரியின் ஆர்வத்தை நம்பியிருக்கவில்லை. சான்றிதழ் மின்கையொப்பத்துடனேயே வருகிறது. இது மெய்யான முன்னேற்றம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மையத்தில் கேட்கும் ஒருமுறைக் கடவுச்சொல், திருப்பூரில் வேலைபார்க்கும் பேரனின் கைப்பேசிக்குப் போய்விட்டால் பாட்டி என்ன செய்வாள்? அவன் பணி முடிந்து அழைக்கும்வரை காத்திருப்பாள். அதற்குள் அந்த எண் காலாவதியாகியிருக்கும்.

திங்கட்கிழமை குறைதீர் நாளன்று ஆட்சியர் அலுவலகத்தில் இன்றும் வரிசை நிற்கிறது. கைகளில் தாள்கள், அவற்றுள் சில, கணினியில் பதிவுசெய்த ஒப்புகைச் சீட்டுகள்.