ஒரே ஆணையர், மூன்று எல்லைகள்: பேரிடர்க் காலக் காவல் உதவி குறித்து ஒரு மறுவாசிப்பு

பேரிடரின்போது ஒரு காவல் அமைப்பு இன்னொன்றுக்கு ஆளும் படகும் அனுப்ப இந்தியாவில் முன்கூட்டிய ஒப்பந்தம் எதுவும் வேண்டியதில்லை என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் வாதிட்டு வருகின்றனர். கலிஃபோர்னியாவின் நகரங்களும் கவுண்டிகளும் 1950இல் பரஸ்பர உதவி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்குக் காரணம், அங்கே ஊருக்கு ஊர் தனிக் காவல்துறை இருப்பது. இங்கோ மாநிலம் முழுக்க ஒரே டி.ஜி.பி. என்பது அவர்கள் கணக்கு. இதற்குச் சான்றாக 2015 சென்னை வெள்ளம் காட்டப்படுகிறது. அந்தச் சான்று உண்மையில் எதிர்த்தரப்புக்கே சாதகமானது.

அன்றைய வரைபடத்தை விரித்தால் இது விளங்கும். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. செம்பரம்பாக்கத்தில் நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட, அடையாறு சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. அப்போது சென்னை வருவாய் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 175 சதுர கி.மீ.; மாநகராட்சியின் பரப்பு 426. 2011இல் புறநகர்க் காவல் இணைக்கப்பட்டிருந்ததால், மாநகரக் காவல் ஆணையரின் அதிகாரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த தாம்பரம்வரை நீண்டது. மயிலாப்பூரிலிருந்து ஒரு குழு தாம்பரத்துக்குப் போனால் கலெக்டர் மாறுவார், ஆணையர் மாறமாட்டார். வேப்பேரி ஆணையர் அலுவலகத்திலிருந்து மைக்கில் ஓர் உத்தரவு வந்தால் போதும். இதைப் பரஸ்பர உதவி என்பது பொருந்தாது. ஒரே வீட்டில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் பாத்திரம் எடுத்துப்போவது போன்றதுதான்.

2022 ஜனவரியில் தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகங்களாயின. அதே பயணம் இன்று இரு ஆணையர்களுக்கு இடையிலான விவகாரம்.

இனி, சர்ச்சைக்குரிய வாசிப்புக்கு வரலாம். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, மாவட்ட அளவிலான எந்த அலுவலருக்கும் துறைக்கும் உத்தரவிடும் அதிகாரத்தை மாவட்ட ஆணையத்துக்குத் தருகிறது. இதுவே எல்லைச் சிக்கலைத் தீர்த்துவிடுவதாக முந்தைய ஆய்வுகள் கொள்கின்றன. ஆனால் 33ஐ 25ஆம் பிரிவோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆணையத்தின் தலைவர் கலெக்டர்; காவல்துறையிலிருந்து பதவிவழி உறுப்பினராகச் சட்டம் சுட்டுவது காவல் கண்காணிப்பாளரை. சென்னையில் மாவட்டக் காவலுக்குப் பொறுப்பான எஸ்.பி. என்று ஒருவர் இல்லை. 1859ஆம் ஆண்டு மாவட்டக் காவல் சட்டம் ஆளும் ஊர்களை மனத்தில் வைத்தே 2005இன் சட்டம் எழுதப்பட்டதாகத் தோன்றுகிறது. 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டம் ஆளும் ஊர் அதன் கண்ணில் படவில்லை. கூடுதல் டி.ஜி.பி. நிலையிலோ அதற்கும் மேலோ உள்ள ஆணையரை ‘மாவட்ட அளவிலான அலுவலர்’ என்று கொள்ள முடியுமா? கொள்ளலாம் என்போர் உண்டு. நடைமுறையில் எந்தக் கலெக்டரும் அப்படி உத்தரவிடத் துணியமாட்டார் என்றே கருத வேண்டியிருக்கிறது.

2018இல் மாவட்ட எல்லை மாநகராட்சி எல்லையோடு ஒன்றானது. ஆனால் பள்ளிக்கரணை சென்னை மாவட்டத்தில் இருந்தும், அதன் காவல் நிலையம் தாம்பரம் ஆணையருக்குக் கீழே. 2015இல் ஓர் ஆணையர் பல மாவட்டங்களில் பரவி நின்றார். இன்று ஒரு மாவட்டத்துக்குள் பல ஆணையர்கள். சிக்கல் தீரவில்லை, தலைகீழானது.

மாநில நிர்வாகக் குழு 24ஆம் பிரிவின்படி எங்கிருந்தும் ஆளனுப்பலாமே என்ற மறுப்பு எழக்கூடும். அனுப்பலாம். நள்ளிரவில் ஆறு கரை மீறும்போது கோட்டையிலிருந்து உத்தரவு வரும்வரை யார் காத்திருப்பது? 2015இல் படகோடு வந்த மீனவர்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. தப்பியோடும் குற்றவாளியை நாடெங்கும் துரத்திப் பிடிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு காவலருக்கு வழி விட்டது. மீட்புக்குப் போகிறவருக்கு அதில் அப்படியொரு வரி இருக்கவில்லை.

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 2025 திருத்தம் பெருநகரங்களுக்குத் தனிப் பேரிடர் ஆணையம் தந்து, அதன் தலைமையை மாநகராட்சி ஆணையரிடம் ஒப்படைக்கிறது. காவல் எல்லைகளை அது தொடவில்லை. மூன்று காவல் ஆணையர்களும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கையெழுத்திடும் ஓர் உடன்பாடு, அதாவது எந்த நீர்மட்டத்தில் யார் படகு யாரிடம் போகும், அங்கே யார் சொல் நடக்கும், செலவை யார் ஏற்பது என்பது எழுதப்பட்ட ஓர் ஆவணம், இந்த இடைவெளியை அடைக்கும். அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது.