வெட்ட முடியாத கண்ணாடி: திறந்த கூரைக் கார்களின் கதவுச் சாளரம் வந்த வழி



ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அறிவியல் பாட வேளையில் என்னிடம் தொடுத்த வினா ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணம். அவனுடைய தந்தையார் வாகனப் பட்டறை ஒன்றில் பணிபுரிபவர். அங்கே பழுதுபார்க்க வந்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, கூரையை மடித்துத் திறக்கும் வகை, ஒற்றைக் கதவுக் கண்ணாடிக்காகப் பல வாரங்கள் காத்துக் கிடந்ததாம். "ஐயா, முன்கண்ணாடி உடைஞ்சா சிலந்தி வலை மாதிரி அப்படியே நிக்குது. கதவுக் கண்ணாடி மட்டும் ஏன் கல்கண்டு மாதிரி கொட்டுது? அதை அளவு பார்த்து வெட்டிப் போட முடியாதாமே, ஏன்?" என்றான். முப்பது நிமிட வகுப்பில் முழுமையாக விடை சொல்லக்கூடிய வினா அன்று அது. ஆசிரியர் நண்பர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அம்மாணவன் இரண்டு வினாக்கள் கேட்டதாக நினைத்துக்கொண்டான். உண்மையில் அவை ஒரே வினாதான். கதவுக் கண்ணாடி பொடிப்பொடியாக உதிர்வதற்கும், அதனை யாரும் வெட்ட முடியாமல் போவதற்கும் காரணம் ஒன்றே. அக்காரணம் மனித உயிரோடு தொடர்புடையது.

முதலில் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு நெடுங்காலம் கதவுக் கண்ணாடியே கிடையாது. மழை வந்தால் துணிக்கூரையை இழுத்து மூடிவிட்டு, கதவின் மேல் பக்கத்திரை ஒன்றைச் செருகிக்கொள்வார்கள். உலோகச் சட்டமும் கித்தான் துணியும், நடுவே பார்ப்பதற்கு ஒளி புகும் செல்லுலாய்டு தகடும் கொண்டது அத்திரை. 1948ஆம் ஆண்டு இலண்டன் வாகனக் கண்காட்சியில் அனைவரையும் வியக்க வைத்த ஜாகுவார் எக்ஸ்.கே.120 காரில் இருந்தது பக்கத்திரைதான். 1953இல் வெறும் 300 மட்டுமே தயாரிக்கப்பட்ட முதலாவது செவர்லே கார்வெட்டிலும் அதே நிலை. அந்தக் கார்வெட்டின் கதவுக்கு வெளிப்புறத்தில் கைப்பிடிகூட இல்லை! திரையின் வழியே கையை உள்ளே விட்டுத்தான் கதவைத் திறக்கவேண்டும். 1954இல் வந்த போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரின் கதையும் இதுவே. விலை குறைந்த, அதிக வசதிகள் இல்லாத திறந்த கார் ஒன்று வேண்டும் என்று நியூயார்க்கைச் சேர்ந்த இறக்குமதியாளர் மாக்ஸ் ஹாஃப்மன் வற்புறுத்தியதால் பிறந்த வண்டி அது. கண்ணாடியும் அதை ஏற்றி இறக்கும் பொறியும் விலையையும் எடையையும் கூட்டும் என்பதால் இரண்டுமே விடப்பட்டன.

பக்கத்திரையில் குறைகள் ஏராளம். செல்லுலாய்டு வெயிலில் மஞ்சளாகும், வெடிக்கும். ஓரங்களில் மழைநீர் ஒழுகும். ஆயினும் அதற்கு ஒரு பெருமை உண்டு. கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் எந்தத் தொழிலாளியும் பழைய தகட்டைப் பிரித்தெடுத்துப் புதியதை வைத்து ஒரு நாளில் தைத்துக் கொடுத்துவிடுவார். உலகில் எங்கும் கிடைக்காத அரிய கார் என்பதற்காக எவரும் வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை.

வாடிக்கையாளர்கள் நனைந்து நனைந்து சலித்துப்போனதால் கண்ணாடி வந்தது. ஜாகுவார் 1953இல் எக்ஸ்.கே.120இன் வசதி மிக்க திறந்த கூரை வகை ஒன்றில் சுழற்றி ஏற்றும் கண்ணாடியைப் பொருத்தியது. கார்வெட் 1956இலும், போர்ஷேயின் ஸ்பீட்ஸ்டருக்குப் பதிலாக வந்த 'கன்வர்ட்டபிள் டி' 1958இலும், பிரிட்டனின் எம்.ஜி.பி. 1962இலும் கண்ணாடிக்கு மாறின. இதில் தடையாக இருந்தது பணம் மட்டுமன்று, இடமும்கூட. கண்ணாடி கீழே இறங்கவேண்டுமானால் கதவுக்குள் அதற்கு அறை வேண்டும். மெலிந்து, வளைந்து, இடுப்பளவில் வெட்டி இறக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் கதவில் அந்த அறைக்கு எங்கே போவது? 1954ஆம் ஆண்டின் மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்.எல். காரை எடுத்துக்கொள்ளுங்கள். பறவைச் சிறகுபோல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகள் கொண்ட புகழ்பெற்ற வண்டி. அதன் கதவுக் கண்ணாடி கீழே இறங்கவே இறங்காது. காற்று வேண்டுமென்றால் கண்ணாடியை முழுதாகக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளவேண்டும். 1957இல் அதே கார் திறந்த கூரை வடிவம் பெற்றபோது, சாதாரணக் கதவும் இறங்கும் கண்ணாடியும் அமைந்தன.

கண்ணாடி வந்தது சரி. எப்படிப்பட்ட கண்ணாடி என்பதுதான் இனி நாம் பார்க்கவேண்டியது.

மூடிய கூரை கொண்ட தொடக்கக் காலக் கார்களில் வீட்டுச் சன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடியே இருந்தது. உடைந்தால் கத்திபோன்ற நீண்ட கூரிய துண்டுகளாக உடையும். சிறு விபத்தில்கூட முகமும் கழுத்தும் அறுபட்டவர்கள் பலர். இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் எதுவார் பெனெதிக்துஸ் என்னும் பிரெஞ்சுக்காரர். ஓவியரும் வேதியியல் அறிந்தவருமான இவர், 1903இல் தம் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை ஒன்றைத் தவறவிட்டார் என்றும், அது விரிசல் விட்டும் சிதறாமல் இருந்தது என்றும் கூறப்படுகிறது. குடுவையின் உட்புறத்தில் செல்லுலோசு நைட்ரேட்டு கரைசல் உலர்ந்து மெல்லிய படலமாக ஒட்டியிருந்ததே காரணம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அப்படலத்தை வைத்து ஒட்டும் முறைக்கு அவர் 1909இல் காப்புரிமை பெற்றார். 'டிரிப்ளெக்ஸ்' என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளின் கண்வட்டங்களுக்குப் பயன்பட்ட அக்கண்ணாடி, 1927ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமான ஃபோர்டு 'மாடல் ஏ' காரின் முன்கண்ணாடியாக இடம்பெற்றது. இதுவே அடுக்குக் கண்ணாடி. மாணவன் சொன்ன சிலந்தி வலை. நடுப்படலம் தொடக்கத்தில் வெயிலில் மஞ்சளானது; 1930களின் பிற்பகுதியில் வேறு நெகிழி வந்து அக்குறையைத் தீர்த்தது.

மற்றொரு வகையின் வேர் இன்னும் பழையது. உருகிய கண்ணாடியைத் துளியாகத் தண்ணீரில் விட்டால் வாலுடன் கூடிய ஒரு மணி உருவாகும். இத்தகைய துளிகளை இளவரசர் ரூபர்ட் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். 1661இல் இலண்டன் அரச கழகத்தில் அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்தனர். மணியின் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. மெல்லிய வாலைக் கிள்ளிவிட்டால் முழுவதும் வெடித்துத் தூளாகிவிடும்! (வகுப்பில் காணொளியாக மட்டும் காட்டுங்கள், செய்து பார்க்க வேண்டாம்.) 1874இல் பிரான்சின் ரொயே த லா பாஸ்தி, சூடான கண்ணாடியை எண்ணெயில் தோய்த்து வலிமையேற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எண்ணெய்க்குப் பதிலாகக் குளிர்காற்றை வேகமாக வீசிக் குளிர்விக்கும் முறை 1930களில் வாகனக் கண்ணாடிக்கு வந்து நிலைபெற்றது. இரும்புக்குப் பதம் ஏற்றுவதைப்போலவே இதுவும் என்பதால், பதமேற்றிய கண்ணாடி என்றே இதனை அழைக்கிறேன்.

இதன் உள்ளே நடப்பதை மாணவர்களுக்குக் கயிறிழுக்கும் போட்டியைக் கொண்டு விளக்கலாம். 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிய கண்ணாடிமீது காற்றை வீசினால் வெளிப்புறம் முதலில் குளிர்ந்து இறுகிவிடும். உட்புறம் பிறகே குளிர்கிறது. குளிரும்போது சுருங்க முயல்கிறது. ஆனால் ஏற்கெனவே இறுகிவிட்ட வெளிப்புறம் அதற்கு இடங்கொடுப்பதில்லை. எனவே வெளிப்புறம் எந்நேரமும் நெருக்கப்பட்டும், உட்புறம் எந்நேரமும் இழுபட்டும் கிடக்கின்றன. இரு பக்கமும் சமவலிமையுடன் இழுக்கும் கயிறு அசையாமல் நிற்பதுபோல் கண்ணாடி அமைதியாகத் தோன்றும். வெளிப்புற நெருக்கத்தால் சிறு கீறல்கள் விரிய முடியாது. அதுவே அதன் வலிமை. ஏதேனும் ஒரு விரிசல் இழுபட்டுக் கிடக்கும் உட்பகுதியைத் தொட்டுவிட்டாலோ கயிறு அறுந்துவிடும். விரிசல் விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் கிளைகிளையாகப் பாயும். கண் இமைப்பதற்குள் முழுக் கண்ணாடியும் மழுங்கிய முனைகள் கொண்ட சிறுசிறு துண்டுகளாகிவிடும். கழுத்தை அறுக்கும் நீண்ட துண்டு அதில் இல்லை.

கண்ணாடியை வெட்டுவது என்றால் என்ன? மேற்பரப்பில் ஒரு கோடு கீறி, அக்கீறலை உள்ளே ஓடவிட்டுப் பிளப்பது. பதமேற்றிய கண்ணாடியிடம் அதைச் செய்தால் என்ன நேரும் என்பது இப்போது விளங்கும். ஓரத்தைத் தேய்க்கவும் முடியாது, துளையிடவும் முடியாது. வளைவு, துளை, ஓரம் அனைத்தையும் சூடேற்றுவதற்கு முன்பே முடித்துவிடவேண்டும். அதன்பின் அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலும் தூக்கி எறியவேண்டியதுதான்.

இலட்சக்கணக்கில் ஓடும் கார்களுக்கு இதனால் தொல்லை இல்லை. கடையில் அச்சாக அதே கண்ணாடி கிடைக்கும். அரிய கார்களின் நிலை வேறு. 1957 முதல் 1963 வரை சுமார் 100 மட்டுமே உருவான ஃபெராரி 250 ஜி.டி. கலிஃபோர்னியாவை நினைத்துப் பாருங்கள். அதன் உடற்பகுதியை மோடெனா நகரில் ஸ்காலியெத்தி பட்டறையின் தொழிலாளர்கள் தகட்டைக் கையால் தட்டித் தட்டி உருவாக்கினர். கையால் செய்த பொருள் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. ஒரே வகைக் காரின் கண்ணாடி இன்னொன்றில் அப்படியே பொருந்திவிடும் என்று நம்ப முடியாது. மரப்பலகையிலோ அட்டையிலோ அந்தக் கதவுக்கென்றே அளவு வார்ப்பு எடுத்து, சாதாரணக் கண்ணாடியை அதன்படி வெட்டித் தேய்த்துப் பதமேற்ற அனுப்பவேண்டும். அக்காலத்துக் கார்களுக்குப் பெரும்பாலும் தட்டையான கதவுக் கண்ணாடி என்பது ஓர் ஆறுதல். 1957ஆம் ஆண்டு கிரைஸ்லரின் இம்பீரியல் காரில் தொடங்கி வளைந்த கதவுக் கண்ணாடி பரவியது. வளைந்த கண்ணாடிக்கு அதே வளைவுடைய அச்சும் தேவை. ஒரே ஒரு கண்ணாடிக்காக அச்சு செய்வதென்றால் செலவைக் கேட்க வேண்டாம்.

கண்ணாடி கைக்கு வந்தபின்னும் வேலை முடிவதில்லை. திறந்த கூரைக் காரின் கதவில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. தனித்து நிற்கும் கண்ணாடியின் மேல்விளிம்பு துணிக்கூரையின் ரப்பர்ப் பட்டையில் சரியாகச் சென்று அழுந்தவேண்டும். உயரம், முன்பின் நிலை, உட்புறச் சாய்வு ஆகிய மூன்றையும் கூரையை மூடி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகத் திருத்தவேண்டும். சாய்வு குறைந்தால் மழை உள்ளே வரும்; கூடினால் கதவை மூடும்போது கண்ணாடி பட்டையில் இடிக்கும். 1996இல் வந்த போர்ஷே பாக்ஸ்டர் போன்றவற்றில் கைப்பிடியை இழுத்தவுடன் கண்ணாடி தானே சிறிது இறங்கி, கதவு மூடியதும் ஏறி அழுந்திக்கொள்ளும். அனுபவமிக்க தொழிலாளி புதுக் கண்ணாடியைத் தொடுவதற்கு முன் கதவின் அடிப்பகுதியைச் சுத்தம் செய்வார். உதிர்ந்த துண்டுகள் நீர் வடியும் துளைகளை அடைத்துக்கொண்டால் கதவுக்குள் நீர் தேங்கித் துருப்பிடிக்கும்.

இவ்வளவு தொல்லைக்கு அடுக்குக் கண்ணாடியையே கதவுக்கும் போட்டுவிடலாமே என்று தோன்றும். தட்டையான அடுக்குக் கண்ணாடியை வெட்ட முடியும்: இருபுறமும் கீறிப் பிளந்து, நடுப்படலத்தை அறுத்தால் போதும். பழைய கார்களைப் புதுப்பிப்போர் சிலர் அப்படிச் செய்வதும் உண்டு. தொழிற்சாலைகளும் 1990களின் இறுதியிலிருந்து விலையுயர்ந்த கார்களின் கதவுகளுக்கு அடுக்குக் கண்ணாடியை இடத் தொடங்கின. இரைச்சல் குறைகிறது, திருடன் எளிதில் உடைக்க முடிவதில்லை, கார் உருளும்போது பயணி வெளியே தூக்கி எறியப்படும் வாய்ப்பும் குறைகிறது.

ஆனால் கதவு திறக்காதபோது வெளியேறும் வழியும் அந்தச் சாளரம்தான். அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏ.ஏ.ஏ. 2019இல் கண்ணாடி உடைக்கும் அவசரக் கருவிகள் ஆறினைச் சோதித்தது. அவற்றில் நான்கு பதமேற்றிய கண்ணாடியை உடைத்தன. அடுக்குக் கண்ணாடியை ஊடுருவி வழி ஏற்படுத்த ஒன்றாலும் முடியவில்லை. திடீர் வெள்ளம் சாலையில் புகும் நம் நாட்டில், சாவிக்கொத்தில் சிறு சுத்தியலை மாட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கும் பெற்றோர்கள் இதனை அறிந்திருத்தல் வேண்டும். உங்கள் மகிழுந்தின் ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும் சிறிய முத்திரை ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். பதமேற்றியதா அடுக்கியதா என்று பலவற்றில் ஆங்கிலத்தில் அங்கேயே எழுதியிருக்கும். முன்கதவில் ஒரு வகையும் பின்கதவில் வேறு வகையும் இருக்கக்கூடும். நான்கையும் தனித்தனியே பார்த்துக்கொள்ளுங்கள்.