இரண்டாவது கோல் யாருடையது?

உலகக் கிண்ணக் காற்பந்தில் முதல் ஹாட்ரிக் அடித்தவர் யாருன்னு கேட்டால், அர்ஜெண்டினாவின் ஸ்டாபிலே என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய புத்தகம் ஒன்றை நம்பியதால் வந்த தப்பு.

1930 ஜூலை 17, மொண்டேவீடியோ. அமெரிக்கா 3-0 என்று பராகுவேயை வென்றது. மூன்று கோலும் பெர்ட் பேட்னோட் அடித்தவை. வயது 20. மாசசூசெட்ஸில் ஃபால் ரிவர் என்ற பஞ்சாலை நகரத்துப் பையன்; அவ்வூர் மார்க்ஸ்மென் அணியின் தாக்குதல் ஆட்டக்காரர்.

ஸ்டாபிலே மெக்சிகோவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தது அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான். பிறகு எப்படி அவர் முதல் ஆள் ஆனார்? பேட்னோட்டின் இரண்டாவது கோலைச் சில பதிவுகள் சக ஆட்டக்காரர் டாம் ஃபுளோரியின் பெயரில் எழுதின. சில பதிவுகள் பராகுவே ஆட்டக்காரரின் சொந்த கோல் என்றன. பெயர் மாறியதால் ஹாட்ரிக்கும் போனது.

ஆய்வாளர்கள் பழைய பதிவுகளைத் தோண்டினார்கள். 2006-இல் ஃபிஃபா திருத்தியது. பேட்னோட் 1974-இலேயே, தன் 65-வது பிறந்தநாளில், இறந்துவிட்டார்.

என் வேலையில் பதிவேட்டில் ஓர் எண் தப்பானால் மறுநாளே திருத்திவிடுவோம். இங்கே 76 வருஷம். திருத்தம் வந்தது சந்தோஷம்தான். ஆனால் அதை அவரிடம் போய்ச் சொல்ல முடியலையே.